கடைசி ரீல் இல்லாத படம்

படம் ஊமையா இருந்த காலத்துல அதுக்கு வாயா இருந்து பிழைச்சவன் நான். திரைக்குப் பக்கத்துல முக்காலி மேல ஏறி, கையில பிரம்போட நின்னு, "இதோ வர்றான் பாரு, இவன்தான் அந்தப் பாவி"ன்னு தொண்டை கிழியக் கத்தணும். அவ்வளவுதான் வேலை. ஏலம் போடுறவங்க, கல்யாணத் தரகருங்க, ஐம்பது பிள்ளைகளை ஒத்தை ஆளா கட்டி மேய்க்கிற வாத்தியாருங்க, நீங்க எல்லாம் என் கட்சி. உங்ககிட்டதான் இதைச் சொல்ல முடியும். மத்தவங்க ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க.

எங்க கூட்டத்துல மூணே பேரு. முதலாளி காதர், கப்பலேறி வந்து துணி வியாபாரம் பண்ணிச் சலிச்சுப் போயி சினிமாவுல இறங்கினவரு. மிஷினைக் கையால சுத்துறதுக்கு ஆ செங்னு ஒரு சீனன். அப்புறம் மாணிக்கம், அதாவது நான். ஒரு ஓட்டை லாரியில கூடாரத்தை ஏத்திக்கிட்டு ஜொகூர்ல ரப்பர் தோட்டம் தோட்டமா சுத்துவோம். பெட்டியில நாலஞ்சு படம் கிடந்தாலும் சனங்க கேக்குறது ஒரே படத்தைத்தான்.

உப்பு மலை

அந்தப் படம் ஒரு மெய்க்காவல்காரன் கதை. ஒரு வெள்ளைக்கார மந்திரி, அவருக்கு எந்நேரமும் நிழலா ஒரு காவல்காரன். மந்திரி குதிரை வண்டியில இருந்து இறங்குற நேரம் பாத்து, இவன் சுருட்டுப் பத்த வைக்க ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்புவான். அந்த ஒரு நிமிஷத்துல ஒருத்தன் சுட்டுடுவான். சுட்டவன் ஒரு காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு ஓடுவான். அதுக்கப்புறம் படம் முழுக்கத் துரத்தல்தான். கூரை மேல, ரயில் மேல, பனி மலை மேல. நடுநடுவுல வெள்ளைக்காரன் எழுத்து வரும். அது என்ன பாஷைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எழுத்து வந்தா நான் ரெண்டு இருமல் இருமிட்டு, வாயில வந்ததைச் சொல்லுவேன். எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் எங்க தொழில்ல முதல் சட்டம்.

முதல் தடவை அந்தப் படத்தைப் போட்டப்போ, பனி மலை வந்ததும் நான் விளக்கம் சொல்லியே ஓஞ்சு போனேன். "குளிர்ல தண்ணி இறுகி வெள்ளையா கிடக்கு, அதுல காவல்காரன் உருண்டு விழுறான்"னு உசுரைக் கொடுத்துக் கத்துறேன். ரப்பர் மரத்துல பால் வெட்டுற ஒரு அம்மா கன்னத்துல கை வச்சுக்கிட்டு, பக்கத்துல இருந்தவகிட்ட, "இவ்வளவு உப்பைச் சும்மா கொட்டி வச்சிருக்கானுங்களே, அங்க கருவாடு போடுறவங்களுக்கு என்னடி கவலை!"ன்னாங்க.

டிரஸ்ஸர் ஓடின ஓட்டம்

ஒரு தோட்டத்துக்குப் போனா மத்தியானமே கூலிக்காரங்க குடியிருக்கிற லயத்துப் பக்கம் நடந்து நாலு பேரு வாயைக் கிண்டுவேன். யாரு யாரை விரட்டினா, யாரு மாடு யாரு தோட்டத்துல மேய்ஞ்சுச்சு, எல்லாம் எனக்கு வேணும். சாயங்காலம் அதை எடுத்துப் படத்துக்குள்ள போட்டுடுவேன். வெள்ளைக்காரி ஒருத்தி படத்துல அழுதா, "எங்க அஞ்சாம் லயத்து முனியம்மா மாதிரியே அழுறா பாரு"ம்பேன். கூடாரம் அதிரும். துரை பேரையும் கணக்கு எழுதுற கிராணி பேரையும் மட்டும் தொட மாட்டேன். நமக்கும் சோறு வேணும்ல.

ஒரு தடவை கொலைகாரனுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பேரை வச்சிட்டேன். எல்லா நோவுக்கும் ஒரே கசப்பு மருந்தை ஊத்துற மனுசன், அதனால சனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மறுநாள் காலையில அவரே என்னைத் தேடி வந்தாரு. வசமா மாட்டினோம்டான்னு நினைச்சேன். அவரு கதவைச் சாத்திட்டு, ரொம்ப மெதுவா, "ஏன் மாணிக்கம், நான் அந்த ரயில் மேல ஏறி ஓடினப்போ பாக்க நல்லா இருந்தேனா?"ன்னு கேட்டாரு.

தண்ணி ஏறாத வாய்

ஒரு மழைக் காலம். சிகாமாட்டுல இருந்து சாஆங்கிற ஊர்ப் பக்கம் போற வழியில ஆறு ரோட்டுக்கு வந்திருச்சு. லாரி நடுத்தண்ணியில சாய்ஞ்சு ஒரு பெட்டி உள்ள போயிருச்சு. ஆ செங் கழுத்து வரைக்கும் இறங்கி எடுத்துட்டு வந்தான். திறந்து பாத்தா எங்க காவல்காரன் படத்தோட கடைசி ரீல். ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, உரிச்சா தோல் தோலா வருது. "அலமாக், ஹபிஸ் லா"ன்னு தலையில கை வச்சிட்டான். போச்சு, முடிஞ்சு போச்சுங்கிறான். கடைசி ரீல்லதான் காவல்காரன் கொலைகாரனைப் பிடிப்பான். இப்ப படம் அவன் ஒரு பாலத்துல நின்னு ரெண்டு பக்கமும் பாக்குறதோட நின்னுடும்.

முதலாளிக்கு ஒரு யோசனை வந்துச்சு. பாலம் வந்ததும் நான் கொலைகாரன் தப்பிச்சு ஓடிட்டான்னு சொல்லணும். எங்க ஓடினான்? நாங்க அடுத்து எந்த ஊர்ல கூடாரம் போடுறோமோ அந்த ஊருக்குத்தான். பிடிபடுறானா இல்லையான்னு பாக்கச் சனங்களும் அங்க வரும். நான் கொஞ்சம் தயங்கினேன். முதலாளி ஈரத் துணியைப் பிழிஞ்சுக்கிட்டே, "படத்துல தண்ணி ஏறினா ஏறட்டும்ப்பா, உன் வாயில ஏறலையில்ல?"ன்னு கேட்டாரு.

முன் வரிசை ஆளு

சாஆவுக்கு இருட்டுற நேரம்தான் போய்ச் சேர்ந்தோம். லயத்துப் பக்கம் நடக்கவோ ஊர் விஷயம் கேக்கவோ நேரமே இல்ல. அந்த ஒரு நாள் கேட்டிருந்தா இதெல்லாம் நடந்திருக்காது. நேரா முக்காலியில ஏறினேன். பாலம் வந்ததும், "கொலைகாரன் தங்காக்குக்கு ஓடிட்டான்! சந்தைக் கூட்டத்துல கலந்துட்டான்!"னு கத்தினேன். நல்ல கைதட்டல்.

நாலு நாள் கழிச்சுத் தங்காக்குல கூடாரம் போட்டோம். முன் வரிசையில தரையில ஒரு ஆளு உக்காந்திருந்தாரு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்ல உசரம், மடியில ஒரு தடி. ஊரே சிரிக்கிற இடத்துல அவரு சிரிக்கல. இவரைச் சாஆவுலயும் பாத்தோமேன்னு எனக்கு ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு நான், "கொலைகாரன் மாசாய்க்கு ஓடிட்டான்"னு முடிச்சேன். எல்லாரும் கலைஞ்ச பிறகு அவரு கிட்ட வந்தாரு. பேரு வீரையா. சாஆ பக்கத்துத் தோட்டத்துல ஒரு பெரிய கங்காணிக்கு மெய்க்காவலா இருந்தவரு. போன வருஷம் பட்டப் பகல்ல யாரோ கங்காணியை வெட்டிப் போட்டுட்டான். அப்ப இவரு பக்கத்துல இல்ல. ஓடினவனோட முதுகைத்தான் பாத்தாரு. எறிஞ்ச தடி அவன் முழங்கால்ல பட்டுச்சாம், நொண்டிக்கிட்டே காட்டுக்குள்ள போயிட்டான். காசு வாங்கிக்கிட்டு விலகி நின்னான்னு தோட்டமே இவரைப் பேசுது. பொண்டாட்டி அஞ்சலை அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. அவனைப் பிடிச்சுப் போலீஸ்ல நிறுத்தி, அவன் வாயாலேயே சொல்ல வச்சாத்தான் இவரு தலை நிமிர முடியும்.

"கால் சாய்ச்சு ஓடுறானே, அதே ஓட்டம் வாத்தியாரே. மாசாய்ல இருக்கான்னு யாரு உங்களுக்குச் சொன்னா?"ன்னு கேட்டாரு. இந்த மனுசன் படத்தை நிஜம்னு நம்பிட்டாருன்னு எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும். எங்க புரிஞ்சுச்சு? எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதுங்கிற ரகசியத்தைக் காப்பாத்துறதுதான் அப்ப பெரிசா இருந்துச்சு. "நமக்கு வர்ற சேதியெல்லாம் வெளிய சொல்ல முடியுமா அண்ணே?"ன்னு ஒரு மிதப்பா சொல்லிட்டேன். அந்த மிதப்பை நினைச்சா இன்னைக்கும் என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு. அவரு தலையை ஆட்டிட்டு ரெண்டு அடி நடந்தாரு. திரும்பி வந்து, "உங்க படத்துல அவன் சுருட்டுக்குத் திரும்பினான். நான் வெத்திலை வாங்கப் போனேன். கங்காணிதான் அனுப்பினாரு. இதை மட்டும் யாரும் என்னைக் கேக்கவே இல்ல"ன்னாரு.

என் ரகசியம்

பதினஞ்சு நாள் கழிச்சு மாசாய்க்குப் போனோம். கூடாரத்துக்குக் கம்பு நடும்போதே ஊர்க்காரங்க சொல்றாங்க, புது ஆளு ஒருத்தன் தோட்டத்து வாசல்ல பத்து நாளா உக்காந்து போறவன் வர்றவன் காலையே பாக்குறானாம். அந்த ஊர்ல ஒரே ஒரு ஆளுதான் காலைச் சாய்ச்சு நடக்குறவன். சுப்பன்னு ஒரு பால்காரன். சின்ன வயசுல காய்ச்சல் வந்து சூம்பிப் போன கால். ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு நினைக்காத மனுசன். மூணு பிள்ளைங்க.

வீரையா அண்ணனைத் தேடி ஓடினேன். வாசல் மரத்தடியில உக்காந்து தடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கக்கிட்டேன். "அண்ணே, எனக்கு அந்த எழுத்தே வாசிக்கத் தெரியாது. கடைசி ரீல் தண்ணியில போச்சு. தங்காக்கு, மாசாய் எல்லாம் ஆளு சேர்க்கச் சொன்ன பொய். அந்தப் படத்துல இருக்கிறவன் எவனோ வெள்ளைக்காரன், கூத்து ஆடுறவன். சுப்பன் பாவம் அண்ணே, அவரை விட்டுடுங்க." என் வாழ்நாள்ல யாருகிட்டயும் இப்படி உடைச்சுச் சொன்னதில்ல. அழுதுட்டேன். அவரு பொறுமையா கேட்டாரு. கேட்டு முடிச்சிட்டு என் தோளைத் தட்டி, குரலைத் தாழ்த்தி, "அவன் உங்களை மிரட்டிட்டானா? பயப்படாதீங்க வாத்தியாரே. நீங்கதான் சொன்னீங்கன்னு நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்"னாரு.

வெள்ளைத் திரை

முதலாளிகிட்ட ஓடினேன். ஆட்டத்தை நிறுத்திடுவோம்னு கெஞ்சினேன். அவரும் நல்ல மனுசன்தான், அவருக்கும் முகம் வெளுத்துப் போச்சு. யோசிச்சுப் பாத்து, "நீ வாயால ஓட விட்டவன்தானே. வாயாலயே சாக அடிச்சுடு"ன்னாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. நேருல சொன்னதை நம்பாதவரு, முக்காலி மேல நின்னு சொன்னா நம்புவாருன்னு ஒரு நப்பாசை.

அன்னைக்குப் போல என்னைக்கும் நான் படம் சொன்னதில்ல. பாலம் வந்துச்சு, ரீல் முடிஞ்சுச்சு. ரீல் முடிஞ்சாலும் விளக்கை அணைக்காம காட்டச் சொல்லி ஆ செங்கிட்ட சொல்லியிருந்தேன். வெறும் வெள்ளைத் திரை. அதைப் பாத்துக்கிட்டு, "கொலைகாரன் பாலத்துல இருந்து விழுந்துட்டான்! ஆத்தோட போயிட்டான்! செத்துட்டான்! காவல்காரன் மேல ஒரு தப்பும் இல்ல, அவரை வெத்திலைக்கு அனுப்பினதே எஜமான்தான்! காவல்காரரே, வீட்டுக்குப் போங்க, உங்க பொண்டாட்டி காத்துக்கிட்டு இருக்கா!"ன்னு கத்தினேன். படத்துல ஏது வெத்திலைன்னு சனங்க முழிக்கிறாங்க. வீரையா அண்ணன் முன் வரிசையில எழுந்து நின்னாரு. கண்ணுல தண்ணி தாரையா கொட்டுது. அந்த வெள்ளைத் திரையையே பாத்தாரு. கைகூப்பிக்கிட்டு என்னைப் பாத்து, "மத்ததெல்லாம் காட்டினீங்களே வாத்தியாரே. பொணத்தையும் காட்டிடுங்க"ன்னு கேட்டாரு.

மரத்து நிழல்

அன்னைக்கே சுப்பன் வீட்டுக்குப் போயி, நாளைக்கு வெளிய வராதீங்கன்னு சொன்னேன். கறந்த பாலை என்ன பண்ணுறதுன்னு சிரிச்சாரு. விடிஞ்சதும் எப்பவும் போலப் பால் தூக்கைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு. முச்சந்தியில வீரையா அண்ணன் அவரு மணிக்கட்டைப் பிடிச்சாரு. அடிக்கல, திட்டல. போற ஆளு ஒருத்தன்கிட்ட, போலீஸைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டு, பிடிச்ச கையை விடாம நின்னாரு. அதுக்குள்ள சேதி பரவிப் போச்சு. எவனோ முரடன் நம்ம பால்காரனைப் பிடிச்சு வச்சிருக்கான்னு, விறகுக் கட்டையும் கல்லுமா ஒரு கூட்டம் ஓடி வந்துச்சு.

அவங்க வந்தது சுப்பனைக் காப்பாத்த. வீரையா அண்ணன் நினைச்சது வேற. கொலைகாரனை அடிச்சுக் கொல்ல வர்றாங்கன்னு நினைச்சிட்டாரு. சுப்பனை மரத்தோட சேர்த்துத் தன் முதுகுக்குப் பின்னால தள்ளிட்டு, ரெண்டு கையையும் விரிச்சு நின்னாராம். "போலீஸ் வர்ற வரைக்கும் இவன் மேல ஒரு கை படக் கூடாது"ன்னாராம். கையில தடி இருந்தும் யாரையும் ஓங்கல. எங்கிருந்தோ வந்த ஒரு கட்டை அவரு நெத்தியில பட்டுச்சு. நான் ஓடி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. எறிஞ்சது யாருன்னு போலீஸ் கேட்டப்போ ஒருத்தரும் வாய் திறக்கல.

எங்க லாரியிலதான் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாதி வழியிலேயே உயிர் போயிருச்சு. சுப்பனும் கூட வந்தாரு. அண்ணன் தலையைத் தன் மடியில வச்சிருந்தாரு, வேட்டியெல்லாம் ரத்தம். ரொம்ப தூரம் போன பிறகு சுப்பன் என்னைப் பாத்து, "கையைப் பிடிச்சிருந்தாரே தவிர ஒரு அடி அடிக்கல. வெயில்ல நிக்காதே, இப்படி நிழலுக்கு வான்னுகூடச் சொன்னாரு. யாரு ஐயா இவரு?"ன்னு கேட்டாரு.

அஞ்சலை கேட்டது

சாஆவுக்கு நான் தனியா போனேன். போகாம இருக்கத்தான் பாத்தேன், ஆனா சோறு இறங்கல. அஞ்சலை அண்ணன் வீட்டு வாசல்ல முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். ரீல் போனது, நான் கத்தினது, மிதப்பா பேசினது, வீரையா அண்ணன் கையை விரிச்சு நின்னது, ஒண்ணையும் மறைக்கல. அடிப்பாங்கன்னு நினைச்சேன். அடிச்சிருந்தா தேவலை. அவங்க முறத்தைக் கீழ வச்சிட்டு, "வெத்திலைக்குத்தான் போனேன்னு என்கிட்டயும் சொன்னாரு. நான் நம்பல"ன்னாங்க. சேலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. உள்ள இருந்து அவங்க அண்ணன் எட்டிப் பாத்துட்டு மறுபடி உள்ள போயிட்டாரு. அப்புறம் அவங்க தலையை நிமிர்த்தி, "பொய்யை ஊர் ஊரா கத்தினீங்கல்ல. இதையும் இந்த ஊர் கேக்குற மாதிரி கத்திச் சொல்லிட்டுப் போங்க"ன்னாங்க.

தண்ணித் தொட்டிக்கிட்ட

ஞாயித்துக்கிழமை. லயத்துக்கு நடுவுல தண்ணித் தொட்டிக்கிட்ட ஊரே துணி துவைச்சுக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பாத்ததும், "படக்காரன் வந்துட்டான்"னு எல்லாரும் கூடிட்டாங்க. தொட்டி மேல ஏறினேன். வீரையா காசு வாங்கலைன்னு சொன்னேன். கங்காணிதான் அவரை வெத்திலைக்கு அனுப்பினாருன்னு சொன்னேன். தன் பேரைக் காப்பாத்தத் தேடிப் போன மனுசன், கொலைகாரன்னு தான் நினைச்சவன் மேலகூட ஒரு அடி படாம பாத்துக்கிட்டு உயிரைக் கொடுத்துட்டாருன்னு சொன்னேன். அவரைக் கொன்ன பாவம் என் நாக்குக்குன்னும் சொன்னேன். நடுவுல மூக்கைச் சிந்திட்டு மறுபடி சொன்னேன். பொம்பளைங்க அழுதாங்க. அஞ்சலை தூரமா ஒரு தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

முடிச்சதும் யாரோ ஒருத்தர் கை தட்டினாரு, உடனே எல்லாரும் தட்டினாங்க. தட்டாதீங்க, தட்டாதீங்கன்னு கையை ஆட்டினேன். அதுக்கு இன்னும் பலமா தட்டினாங்க. அஞ்சலை நின்ன இடத்தைப் பாத்தேன், ஆளு இல்ல. தொட்டியில இருந்து இறங்கினப்போ ஒரு பெரியவரு கண்ணைத் துடைச்சுக்கிட்டே என் முதுகைத் தட்டி, "அசல் நம்ம வீரையா நேருல வந்து நின்ன மாதிரியே இருந்துச்சு வாத்தியாரே, இது என்ன புதுப் படமா?"ன்னு கேட்டாரு.

பத்து வருஷம் தொண்டை கிழியக் கத்தி நான் சம்பாதிச்சது இவ்வளவுதாங்க: இப்பல்லாம் நான் நிஜத்தைச் சொன்னாலும் கை தட்டிடுறாங்க.